பதினேழாம் படி

11

போன வாரம் வசந்தாமணியைக் கிணற்றுப் படியில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அதே படியில், இடுப்பில் வெறுங்குடத்தோடு நிற்கிறாள். முதலில் அவளை மேலே ஏற்றிவிடுவோம்.

அன்று விடியற்காலையில் அவள் கிணற்றுக்குள் இறங்கியது ஒரு சீருக்காக. அவள் கணவன் வேலுமணியின் அக்காள் சென்னியம்மாள், புதிதாகக் கட்டிய வீட்டில் அன்று பால் காய்ச்சுகிறாள். மற்றச் சீர் முன்னே பின்னே இருந்தாலும், பெண்ணின் பிறந்த வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு நிறைகுடம் போயே தீர வேண்டும். தம்பி பெண்டாட்டிதான் அதை மொள்ள வேண்டும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் படியில் மஞ்சள் தடவிக் கும்பிட்டுவிட்டு மொள்ள வேண்டும். மொண்டவளே தூக்கி, மொண்டவளே பொழுதோடு விளக்கு வைத்ததும் எடுத்துப் புது வீட்டில் ஊற்ற வேண்டும். நடுவில் வேறு கை பட்டால் சீர் திரும்பிப் போனதாக அர்த்தம். அந்தப் பழி யாருக்கு வேண்டும்?

எண்ணிக்கொண்டே இறங்குவது வசந்தாமணியின் வழக்கம். தை மாதத்தில் ஐந்தாம் படியில் கால் நனைந்துவிடும். எண்பத்திரண்டாம் வருடத்து வறட்சியில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதுகூட இந்தக் கிணறு பதினாறாம் படிக்குக் கீழே போனதில்லை. இத்தனைக்கும் இந்த வருடம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை வெளுத்து வாங்கியிருந்தது.

இன்றைக்குப் பதினாறையும் தாண்டிக் கீழே ஒரு படி இருந்தது. பச்சைப் பாசியும் சேறுமாக. அதன் விளிம்பில்தான் தண்ணீர்.

அவள் மஞ்சளைக் குழைத்து அந்தப் படியில் தடவினாள். கும்பிடும்போது வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. குடத்தை மொண்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

வீட்டில் வேலுமணி கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். திருச்செங்கோட்டில் ஒரு சங்கத்தில் எழுத்தர் வேலை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது முழுக்க வசந்தாமணிதான்.

"ஏனுங்க, தண்ணி பதினேழாம் படிக்குப் போயிருச்சுங்க."

"நம்ம கெணத்துல பதினாறு படிதானே?"

"நம்ம கண்ணுல பட்டது பதினாறு. இன்னிக்கு ஒண்ணு எச்சாத் தெரியுது. மோட்டாரு மூணு நாளாக் காத்தத்தான் இழுக்குது. வால்வு பழுதுன்னு நீங்க சொன்னீங்க. வால்வெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தண்ணிதானுங்க இல்ல."

வேலுமணியின் சீப்பு ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

"இன்னிக்கு வேண்டாம் புள்ள. அக்கா ஊட்டு விசேசம். ஒறம்பரையெல்லாம் வந்திருக்கும். நாளைக்குப் பேசிக்கலாம். கம்முனு வா."

வேலுமணி நல்ல மனுசன்தான். ஒரு பூச்சியைக்கூட மிதிக்க மாட்டான். ஆனால் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே நாற்பத்தாறு வயதுக்கு வந்து சேர்ந்தவன்.

வசந்தாமணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மஞ்சள் வெட்ட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இரண்டு தண்ணியாவது கட்ட வேண்டும். தொழுவத்தில் எட்டு உருப்படி. கிணறு வற்றினால் எல்லாம் போச்சு. அவளுடைய அப்பன் இந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க வந்தபோது முதலில் எட்டிப் பார்த்தது இந்தக் கிணற்றைத்தான். மாப்பிள்ளையை அப்புறமாகத்தான் பார்த்தார். "கெணறு நல்ல கெணறு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மாற்றினார்.

அந்தக் கிணறு தன் கண் முன்னால் போகிறது. கம்முனு வா என்கிறான்.

குடத்துக்கு மாவிலை சொருகி, மேலே தேங்காய் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

புது வீடு ஒன்றும் தொலைவில்லை. தோட்டத்து வேலியைத் தாண்டினால் நாரைக்குட்டை. இப்போது அப்படிச் சொன்னால் மனை வியாபாரி கண்ணுசாமிக்குக் கோபம் வரும். இப்போது அது ‘பொன்வயல் நகர்'.

ஒன்பது ஏக்கர் பள்ளம் அது. ஓடைத் தண்ணீர் வந்து நின்று, சம்பும் கோரையும் ஆள் உயரம் வளர்ந்து கிடக்கும். ஐப்பசியில் நாரைகள் வந்து இறங்கும். பங்குனியில் காய்ந்து வெடித்துவிடும். அப்படிக் காய்ந்து கிடந்த ஒரு பங்குனியில்தான் கண்ணுசாமி வந்து பார்த்தார். தரிசு என்று பத்திரத்தில் எழுதியிருந்ததும் கண்ணில் கண்டதும் அவருக்கு ஒத்துப்போனது. லோடு லோடாகச் செம்மண் கொட்டி, மேடாக்கி, எழுபத்திரண்டு மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்.

அடுத்து வந்த மழையில் ஓடைத் தண்ணீர் நிற்க இடமில்லாமல் மல்லசமுத்திரம் ரோட்டைத் தாண்டி ஓடிப் போய்விட்டது. அந்த ஐப்பசியில் தவளைச் சத்தமே கேட்கவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிம்மதியாகத் தூங்கினோம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

நகர் வாசலில் ஒரு வளைவு. வளைவுக்குப் பக்கத்தில் தாமரைப் பூ மாதிரி சிமெண்டுத் தொட்டி. அதன் நடுவில் நாலு அங்குலக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து, வழிந்து, புது மண் ரோட்டில் ஓடியது. ‘இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்' என்று பலகை வைத்திருந்தார்கள். மனை பார்க்க வருகிறவர்கள் பார்த்து மயங்க வேண்டுமாம்.

வசந்தாமணி அந்த ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த குடம் சட்டென்று கனத்தது. இங்கே ரோட்டைக் குளிப்பாட்டுகிறார்கள், அங்கே மாட்டுக்குக் காட்டத் தண்ணீர் இல்லை. அட கெரகத்தே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எழுபத்திரண்டு மனையில் கட்டி முடிந்தது ஒரே வீடு. அது சென்னியம்மாளுடையது.

அவளையும் குறை சொல்ல முடியாது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக முப்பது வருடம் வேலை பார்த்தவள். புருசன் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வாழ்ந்ததெல்லாம் வாடகை வீடு. ராத்திரி டியூட்டி முடித்து வந்த காலோடு தெருக் குழாயில் குடத்தை வரிசையில் வைத்து நிற்பாள். தண்ணீர் வராமல் திரும்பிய நாள்தான் அதிகம். ஓய்வு பெற்றதும் பிறந்த ஊரில், சொந்த வீட்டில், திருகினால் தண்ணீர் வருகிற ஒரு குழாய். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் அவள் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். சமையல் கட்டில் ஒரு குழாய், குளிக்கிற அறையில் ஒன்று, பின்வாசலில் ஒன்று. திறப்பாள், மூடுவாள், சிரிப்பாள்.

"வா வசந்தா. சாமி ரூம்ல கொண்டுபோயி வெய்யி."

சாமி அறையில் காவித் தரைமேல் பாய் விரித்திருந்தது. வசந்தாமணி குனிந்து குடத்தை வைக்கும்போது பாயின் ஓரம் கையில் பட்டது. அடிப்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சென்னியம்மாள் அவசரமாக அந்த ஓரத்தின்மேல் காலை வைத்து நின்றுகொண்டாள்.

பிறகு குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் வசந்தா, தண்ணி கலங்கலா இருக்குது?"

வசந்தாமணி கணவனைப் பார்த்தாள். வேலுமணி இருமினான்.

"எனக்கு வாரது ஒரே ஒரு கொடம். அதுல ரெண்டு கை நல்ல தண்ணி மொள்ள மனசு வல்லியா?" சென்னியம்மாளுக்குக் குரல் உடைந்தது. "சேத்த மொண்டு கொண்டாந்து என்ற சாமி ரூம்ல வெக்கறீங்களே!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி நாளைக்கு என்று தள்ள இடமில்லை. கணவனின் அக்காளை ‘நங்கையா' என்றுதான் கூப்பிடுவாள் வசந்தாமணி.

"நங்கையா, மொள்ள இருந்ததே அதுதானுங்க. பதினேழாம் படியில மொண்டேன். அதுக்கு மேல சொட்டுத் தண்ணி இல்லீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி நிமிர்ந்தார். அவர்தான் உடன்பிறந்த மூவரில் மூத்தவர். சுற்றுப்பட்டில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் காடு எங்கும் நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் காட்டிய இடத்தில் தோண்டிய கிணறும் போட்ட போரும் முந்நூறைத் தாண்டும். இந்த நகரின் போருக்கு இடம் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். தங்கை கேட்டுக்கொண்டாளே என்று பார்த்தார்.

"பதினேழா?" என்றார். "அந்தக் கல்ல அப்பன் வெச்சப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அதுக்கப்புறம் நான் அதப் பாத்ததே இல்ல அம்மிணி."

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க போருக்கு எடம் பாத்தீங்களே, அந்த ஓட்டம் எங்க போகுதுங்க?" என்று வசந்தாமணி கேட்டாள்.

வெள்ளியங்கிரி பழத்தைத் தட்டில் வைத்தார்.

"வடமேக்கால இருந்து வருது. வேலி வரைக்கும் பாத்தேன். நல்லாக் கொழாயாட்டம் வருது."

"வேலிக்கு அக்கட்டால?"

"அக்கட்டால நம்ம காடாச்சே. நம்ம காட்டுல நான் தேங்கா புடிக்கப்படாது."

அது அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. ஊருக்குப் பார்க்கலாம், உறவுக்குப் பார்க்கலாம், தனக்கு மட்டும் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை செத்துப் போகும் என்பார்கள். நாலு தாலுகாவில் யார் கிணற்றுக்கு எந்தப் பக்கமிருந்து ஊற்று வருகிறது என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்தக் கிணற்றுக்கு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. தெரியாததாலேயே, தன் கிணற்றுக்கு வருகிற வழியில் கல்லை நட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

சென்னியம்மாள் புரிந்துகொண்டாள். புரிந்ததும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"அப்ப என்ற கொழாயில வாரது உங்க கெணத்துத் தண்ணிங்கறீங்க. நான் திருடிக் குடிக்கறேன், அப்படித்தானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லுலீங்க நங்கையா."

"சொல்லாட்டி என்ன? அப்பன் பாகம் பிரிச்சப்ப கெணத்துக்கு எட்டு நாள் மொறை வெச்சாரு. அண்ணனுக்கு நாலு நாளு, தம்பிக்கு நாலு நாளு. எட்டும் தீந்து போச்சு. எனக்கு ஒம்பதாவது நாளுன்னு ஒண்ணு எங்கீங்கண்ணா இருக்குது? ஆராச்சும் கேட்டீங்ளா? நான் காசு குடுத்து எடம் வாங்கி, என்ற ஊட்டுல ஒரு கொழாயி வெச்சா, அதுவும் உங்குளுதா?"

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார். வேலுமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

வசந்தாமணி சென்னியம்மாளின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆர் தண்ணின்னு அப்புறம் பேசலாம். மொதல்ல ரெண்டும் ஒரே தண்ணியான்னு பாத்தர்லாம். படியில மஞ்சத் தடவிட்டு வந்திருக்கறேன். எங்க மோட்டாரு ஓடி மூணு நாளாச்சு. இந்த மோட்டார மத்தியானம் வரைக்கும் நிறுத்துங்க. தண்ணி ஏறுலீன்னா இத்தனை பேர் முன்னால உங்க காலத் தொட்டு மன்னிப்புக் கேக்கறேன்."

வாசலில் நின்றிருந்த கண்ணுசாமி உள்ளே வந்தார். தங்கப் பல் தெரியச் சிரிக்கிற மனிதர். இப்போதும் சிரித்தபடிதான் வந்தார்.

"அக்கா, இன்னிக்குங்களா? சேலத்துல இருந்து பதனோரு மணிக்கு ரெண்டு வேன் ஆளு மனை பாக்க வாராங்க. தொட்டியில தண்ணி கொட்டுலீன்னா என்ற கதி என்னாவறது? நாளைக்கு வெச்சுக்கலாமுங்களே."

நகருக்குக் குடிவருகிறவள் சென்னியம்மாள் ஒருத்திதான் என்பதால் மோட்டார் ரூம் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் கண்ணுசாமியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். கலங்கலான குடத்தைப் பார்த்தாள்.

எழுந்து வெளியே போனாள்.

அரை நிமிடத்தில் மோட்டார் நின்றது. தாமரைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது மெலிந்து, ஒழுகி, சொட்டி ஓய்ந்தது.

திரும்பி வந்தவள் அடுப்பில் பால் வைத்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "நல்ல சகுனம்" என்று நாலு பேர் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அறுபது பேர் சாப்பாடு. மேல் தொட்டியில் இருந்த தண்ணீரை உறவுக்காரர்கள் குழாயைத் திறந்து வைத்தே கை கழுவி, முதல் பந்தியிலேயே தீர்த்துவிட்டார்கள். இரண்டாம் பந்திக்கு வேலுமணி சொம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தர் கையிலும் ஊற்றினான். வெள்ளை வேட்டி நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டது.

"ஏனுங் தம்பி, கொழாயி ஊடு கொழாயி ஊடுன்னாங்க. சொம்புலதான் ஊத்தறீங்?" என்று பெரியம்மா மகள் ராசம்மாள் கேட்டாள்.

"குடிங்க்கா, பாயசம் நல்லா இருக்குது" என்றான் வேலுமணி.

பதினோரு மணிக்கு இரண்டு வேனும் வந்தன. இறங்கியவர்கள் காய்ந்த தாமரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "கரண்டு இல்லீங்க, சித்த நேரத்துல வந்துரும்" என்றார் கண்ணுசாமி. அப்போது பந்தலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டும் போய்க்கொண்டிருந்தது. வேனில் வந்த பெரியவர் ஒருவர் விசிறியையும் கண்ணுசாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மணிக்குக் கிணற்றுக்குப் போனார்கள். முன்னால் வசந்தாமணி. பின்னால் சென்னியம்மாள். அவளுக்குப் பின்னால் வெள்ளியங்கிரியும் வேலுமணியும்.

"நான் எறங்கிப் பாத்துட்டு வாரேன்" என்றாள் வசந்தாமணி.

"இல்ல. நானே பாக்கறேன்." சென்னியம்மாள் புதுப் பட்டுப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது. சுவரைப் பிடித்தபடி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினாள். வசந்தாமணி ஒரு படி பின்னால் கையை நீட்டியபடியே போனாள்.

"பதனாலு. பதனஞ்சு. பதனாறு."

பதினாறில் வைத்த கால் நனைந்தது.

தண்ணீருக்குள்ளே, ஒரு சாண் ஆழத்தில், பதினேழாம் படி மங்கலாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் காலையில் தடவிய மஞ்சள்.

சென்னியம்மாள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"நேத்துக் கொழாயித் தண்ணியக் குடிச்சேன் வசந்தா. நாக்குக்கு அப்பவே தெரிஞ்சுது. சின்ன வயசுல குடிச்ச தண்ணியாச்சே, நாக்கு மறக்குமா? மனசுதான் ஒத்துக்கல."

மேலே வெள்ளியங்கிரி கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டார். கீழே அவர்கள் பேசியது அவருக்குக் கேட்டிருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது வசந்தாமணி பார்த்ததே இல்லை.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் பாத்துக் குடுத்துட்டு என்ற கெணத்துல நானே மண்ணப் போட்டனே."

"உடுங்கண்ணா" என்றபடி மேலே ஏறி வந்தாள் சென்னியம்மாள். "தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நங்கையா, எங்க நாலு நாள்ல ஒரு நாளு உங்குளுக்கு" என்றாள் வசந்தாமணி. சொல்லிவிட்டுத்தான் கணவனைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க்கா" என்றான் வேலுமணி. "இன்னிக்கே எழுதிக் குடுத்தர்றேன்."

வசந்தாமணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து ‘இன்னிக்கே' என்று ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை.

"என்றதுலயும் ஒரு நாளு" என்றார் வெள்ளியங்கிரி துண்டுக்குள்ளிருந்து.

சென்னியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "ஒருத்தி ஆக்கித் திங்கவும் குளிக்கவும் முழு நாளும் எதுக்குங்? வெடியால அரை மணி, பொழுதோட அரை மணி. அது போதும் எனக்கு. மொறைன்னு ஒண்ணு இருந்தாப் போதும்."

அதோடு முடிந்திருந்தால் இந்த வாரத்தைச் சிரித்த முகத்தோடு முடித்திருக்கலாம்.

கிணற்றுமேட்டிலேயே பேசியிருந்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் நகருக்குத் திரும்பி வரும்போது, வளைவுக்குள் போர் போடுகிற ரிக் வண்டி நுழைந்துகொண்டிருந்தது. பின்னாலேயே கம்ப்ரஸர் லாரி. சென்னியம்மாள் வீட்டுக்குப் பின்னால், பழைய குட்டையின் நடுவே, சுண்ணாம்பு அடித்த ஒரு கல் நட்டிருந்தது. வண்டி நேராக அங்கே போய் நின்றது.

"அந்தக் கல்லு?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"அதுவும் நான் காட்டுன எடந்தான்" என்றார் வெள்ளியங்கிரி மெதுவாக. "அதே ஓட்டந்தான் அம்மிணி. ரெண்டு எடம் கேட்டாரு. காட்டிட்டேன்."

கண்ணுசாமி முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. காய்ந்த தொட்டியைப் பார்த்து இரண்டு வேனும் திரும்பிப் போயிருந்தன.

"எழுவத்திரண்டு ஊட்டுக்கு ஒரு போர் எப்படீங்க பத்தும்? பணம் கட்டுனவங்களுக்கு நான் தண்ணி காட்டோணும். எடம் என்றது, பத்திரம் என்ற பேர்ல இருக்குது. நான் ஆர் கெணத்துலயும் வந்து மொள்ளுலீங்களே. டேய் சின்னுசாமி, பூசையப் போட்டு ஆரம்பி."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ரிக் டிரைவர் சின்னுசாமி கற்பூரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். அந்தத் தொழிலில் பூசை போடாமல் யாரும் பூமியில் கம்பியை இறக்க மாட்டார்கள்.

"வசந்தா" என்று சென்னியம்மாள் கூப்பிட்டாள். "சாமி ரூம்ல இருந்து கொடத்த எடுத்துட்டு வா."

வசந்தாமணிக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். ரிக் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் புகுந்து, நிறைகுடத்தை மாவிலையும் தேங்காயுமாக அந்தச் சுண்ணாம்புக் கல்லின்மேல் இறக்கி வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

சின்னுசாமி கற்பூரத்தைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், செருப்பைக் கழற்றினான்.

"ஆரு ஊட்டுச் சீருங்க?"

"என்ற பொறந்த ஊட்டுச் சீரு" என்றாள் சென்னியம்மாள். "மொண்டவ நிக்கறா. அவ எடுத்தாத்தான் உண்டு."

"அம்மிணி, எடுங்க" என்றார் கண்ணுசாமி. "வண்டி வாடகை ஏறுது. விளக்கு வெக்கற நேரமாச்சு, எடுத்து ஊத்தீரலாமில்ல?"

வசந்தாமணி கணவனைப் பார்த்தாள். பிறகு கண்ணுசாமியைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு வேண்டாமுங்க. ஒறம்பரையெல்லாம் இருக்குது. நாளைக்குப் பேசிக்கலாமுங்க."

வேலுமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குடத்தத் தாண்டிக் கம்பி எறக்கறதெல்லாம் நம்மனால ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னுசாமி ஏறிப் போய் என்ஜினை நிறுத்தினான்.

"நாளைக்கு வெடியால சர்வேயரோட வாரேன்" என்றார் கண்ணுசாமி. "குட்டைன்னு எந்தக் காயிதத்துல இருக்குதுன்னு எடுத்து வெய்யுங்க. பாக்கலாம்." அவருடைய மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

உறவுக்காரர்கள் போன பிறகு வசந்தாமணி சாமி அறையில் விளக்கு ஏற்றினாள். சென்னியம்மாள் மோட்டார் ரூம் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

"உன்ற கிட்டயே இருக்கட்டும். வெடியால அரை மணி."

பிறகு குனிந்து, காலையில் காலால் மறைத்த பாயின் ஓரத்தைத் தானே தூக்கிக் காட்டினாள். காவித் தரை சுவரோரம் முழுக்க ஈரத்தில் கறுத்து ஊறிக் கிடந்தது. கையை வைத்தால் நீர் ஒட்டியது. அந்த மூலையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டியது, நகரவில்லை.

"பத்து நாளா இப்படித்தான். வாங்கறப்ப குட்டை எது வரைக்கும்னு நான் கேக்கல வசந்தா. கேட்டா ஊடு இல்லாமப் போயிருமோன்னு பயம். இதத் தொரத்தித் தொரத்திப் பாத்தேன். வெளிய உட்டா ராத்திரியே வந்துருது." சென்னியம்மாள் பாயை அப்படியே விட்டாள். "எனக்கு முன்னால இது இங்க குடியிருந்துதே. இத எங்க போகச் சொல்றது?"

வசந்தாமணி வாயைத் திறப்பதற்குள் அவளே மறுபடி கேட்டாள்.

"நான் எங்க போவேன்?"

வசந்தாமணி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அந்த ஈரத் தரையிலேயே நங்கையாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.